கஞ்சில் டேப்பில் இல்லாத குரல்

போன வருடம் அக்கா காம்பார் பழைய நகரத்து வீட்டைக் காலி செய்தபோது, மேல் அலமாரியிலிருந்து 11 வீடியோ கேசட்டுகள் வந்து விழுந்தன. கறுப்புப் பெட்டிகள், பாதிக்குப் பூஞ்சை. "குப்பையில போட்டுடவா?" என்று கேட்டார் அக்கா. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். ஒன்றின் முதுகில் ஒட்டியிருந்த தாளில் நீல மையில் 'கஞ்சில்' என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, கீழே 'சித்தப்பா கல்யாணம்' என்று எழுதியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடிக்கப்பட்ட அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தோட்டம் காம்பாருக்கும் தாப்பாவுக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இப்போது அங்கே லயம் இல்லை, செம்பனைதான் நிற்கிறது. பாட்டி அங்கே ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தார். விடியுமுன் பால் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைத் தூளியோடு கொண்டுவந்து ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். பால் எடை போட்டு முடிந்து அவர்கள் திரும்பும்வரை, பத்து இருபது பிள்ளைகளை அழாமல் வைத்திருக்க வேண்டும். பாட்டியிடம் அதற்கு இருந்த ஒரே கருவி கதை. நரி, முயல், குரங்கு, முதலை. யாரும் அவருக்குப் புத்தகத்திலிருந்து படித்துக் காட்டியதில்லை.

லயத்தில் அப்போது மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் ஓடும், பத்துக்கு நின்றுவிடும். நான்கைந்து வீடுகளில் தொலைக்காட்சி இருந்தது. கிராணி வீட்டில் மட்டும்தான் வீடியோ. சனிக்கிழமை இரவில் அவர் மனைவி கதவைத் திறந்து வைப்பார். பெரியவர்கள் வாசலில், பிள்ளைகள் உள்ளே சிமெண்டுத் தரையில். முதலில் பிள்ளைகளுக்கு ஒன்று போட்டுவிட்டு, பிறகு பெரியவர்களுக்குத் தமிழ்ப்படம். பிள்ளைகளுக்குப் போடும் அந்த ஒன்று, ஆர்.டி.எம்மில் வந்தபோது கிராணியின் மகன் பதிவு செய்து வைத்திருந்த சித்திரப் படம். 'சாங் கஞ்சில் டான் புவாயா'. சருகுமானும் முதலையும்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆற்றைக் கடக்க வேண்டிய சருகுமான், முதலைகளிடம் போய், "ராஜா சுலைமான் உங்களுக்கெல்லாம் இறைச்சி கொடுக்கச் சொல்லியிருக்கிறார், எத்தனை பேர் என்று எண்ண வேண்டும், வரிசையாக நில்லுங்கள்" என்கிறது. அவை நிற்கின்றன. ஒவ்வொன்றாக முதுகில் மிதித்து எண்ணிக்கொண்டே அது அக்கரைக்குத் தாவிவிடுகிறது.

படம் மலாயில் ஓடும். பாட்டிக்குத் தெரிந்தது கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவு மலாய். அதனால் அவர் பாட்டுக்கு வாசலில் உட்கார்ந்தபடி தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்.

"பாரு, பெரட்டுக்கு நிக்கிற மாதிரி வரிசையா நிக்குதுங்க. இவருதான் கங்காணி, பேரு போட வந்துருக்காரு. ஒன்னு... ரெண்டு... மூனு... தொர கறி குடுக்கப் போறாராம். எந்தத் தொரடா ஆளுங்கள எண்ணிக் கறி குடுத்தான்? எண்ணுனா வெரட்டத்தான் எண்ணுவான்."

வாசலில் எல்லோரும் சிரிப்பார்கள். கிராணி மட்டும் சிரிக்க மாட்டார்.

பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மலாய்க் கதையில் சருகுமான் எளியவன், நம் பக்கத்து ஆள். பாட்டியின் கதையில் அது எண்ண வந்தவன், ஏமாற்றுகிறவன். முதலைகள்தான் நாம். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. குரல் மாறியதும் கதை யார் பக்கம் நிற்கிறது என்பதே மாறிவிட்டது.

இந்தப் படம் எங்கிருந்து வந்தது?

1946-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் மலாயா ஃபிலிம் யூனிட் என்று ஓர் அரசுப் படப்பிரிவு தொடங்கப்பட்டது. 1963-இல் அது 'ஃபிலெம் நெகாரா மலேசியா' ஆனது. தோட்டங்களுக்கும் கம்பங்களுக்கும் தகவல் இலாகா வேன் வந்து, வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய செய்திப் படங்களும் சுகாதாரப் படங்களும் பெரும்பாலும் இங்கிருந்து போனவைதான். கொசுவை ஒழிப்போம், வாக்களிப்போம் வகைப் படங்கள். அந்த அலுவலகத்தில் படப்பிடிப்புக்கான அரங்குகளை வடிவமைக்கும் வேலையில் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஆனந்தம் சேவியர்.

அந்தப் பெயரை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். மலேசியாவின் முதல் சித்திரக் குறும்படம் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கும் 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' அவர் கையால் உருவானது. 1978-இல் வேலை முடிந்தது. மக்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது 1983-இல். ஐந்து வருடம் அது பெட்டிக்குள் கிடந்தது.

கணினி இல்லாத அந்தக் காலத்தில் சித்திரப் படம் செய்வது என்ன வேலை என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்திச் சிக்கனம் பார்த்தாலும் நொடிக்கு 12 படம் வரைய வேண்டும். பத்து நிமிடப் படம் என்றால் 7,200 படங்கள். ஒவ்வொன்றையும் தாளில் வரைந்து, கண்ணாடித்தாளில் எடுத்து, வண்ணம் பூசி, கேமராவுக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாகச் சொடுக்க வேண்டும். பெரிய நாடுகளில் இதற்கு ஒரு தொழிற்சாலையே இருக்கும். ஃபிலெம் நெகாராவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான்.

ஆனந்தம் சேவியருக்குப் பிறகு அதே இடத்தில் ஹாசான் அப்துல் முத்தாலிப் வந்தார். யாரிடமும் முறையாகப் பயிலாமல் தானே கற்றுக்கொண்டவர். 1984-இல் 'சாங் கஞ்சில் டான் மோஞெட்', 1987-இல் எங்கள் கிராணி வீட்டு டேப்பில் இருந்த 'சாங் கஞ்சில் டான் புவாயா' இரண்டும் அவர் இயக்கியவை. 1998-இல் மலேசியாவின் முதல் முழுநீளச் சித்திரப் படமான 'சீலாட் லாகெண்டா'வை இயக்கியவரும் அவரே. மலேசியச் சித்திரப் படங்களின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். இந்நாட்டுச் சித்திரப் பட வரலாற்றை உட்கார்ந்து எழுதியவரும் அவர்தான். அவர் எழுதியதால்தான் ஆனந்தம் சேவியரின் பெயர் பிழைத்தது. நம் தமிழ் ஏடுகளில் அந்தப் பெயரை நான் தேடியிருக்கிறேன். கையில் எதுவும் சிக்கவில்லை.

சருகுமான் கதை மலாய்க்காரர்களின் கதை, அதை வரைய ஓர் ஆனந்தம் சேவியர் எப்படி வந்தார் என்று சிலருக்குத் தோன்றலாம். கதைகள் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லாவை மலாய் இலக்கிய மாணவர்கள் நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று படிப்பார்கள். அவருக்குத் தமிழ் தெரியும். அன்றைய மலாக்காவில் வணிகத்துக்குத் தமிழ் வேண்டியிருந்தது, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். 1835-இல் அவர் பஞ்சதந்திரக் கதைகளை மலாயில் பெயர்த்தார். மூலம் வடமொழியோ அரபியோ அல்ல, தமிழ். பாரசீகம், அரபி வழியாக 'கலீலா டிம்னா' என்ற பெயரில் ஏற்கெனவே மலாய்க்குள் வந்துவிட்ட கதைகள், இம்முறை தமிழ் வழியாக இன்னொரு வாசலில் நுழைந்தன.

கஞ்சில் கதைகள் எல்லாமே இந்தியாவிலிருந்து வந்தவை என்று சொல்ல வரவில்லை. சருகுமான் இந்தக் காட்டு விலங்கு. அதைப் பற்றி இந்த மண்ணின் மக்கள் தாங்களே சொல்லிக்கொண்ட கதைகள் நிறைய. ஆனால் பஞ்சதந்திரத்தில் கிணற்று நிழலைக் காட்டிச் சிங்கத்தைக் குதிக்க வைக்கும் முயலையும், இங்கே புலியை ஏமாற்றும் கஞ்சிலையும் பக்கத்தில் வைத்தால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் தெரிகிறது. என் பாட்டிக்கு அது தெரிந்திருக்கிறது. "யாரு பாட்டி இது?" என்று முதல்நாள் நான் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "நம்ம முயலுதான்டா. இங்க வந்து மானாயிருச்சு."

சரி, டேப்புக்குத் திரும்புவோம்.

ஒரு படம் அரங்கில் ஓடி முடிந்தபின் கேசட்டாகவோ தட்டாகவோ விற்பனைக்கு வருவதை வீட்டு வெளியீடு என்கிறோம். பெரிய நிறுவனங்கள் அதற்கு அட்டைப்படம் போடும், விளம்பரம் செய்யும், தேதி குறிக்கும். எங்கள் கஞ்சிலுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கிராணி மகன் சரியான நேரத்துக்குப் பொத்தானை அழுத்தினான், அவ்வளவுதான். தோட்டத்தைப் பொறுத்தவரை அதுவே வெளியீடு. காலி டேப் விலை அதிகம் என்பதால் அதே டேப்பின் மேல் வேறொன்றைப் பதிவதும் சகஜம். ஒரு படம் வீட்டுக்கு வந்ததும், வீட்டிலேயே அழிந்ததும் ஒரே பொத்தானால்தான்.

1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கே ஆட்டம் கண்டது. காம்பார், கோப்பெங், மாலிம் நாவார் எல்லாம் ஈயத்தில் வாழ்ந்த ஊர்கள். தோட்டங்களிலும் பால்மரத்தை வெட்டிச் செம்பனை நடும் காலம். செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டாம். லயங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பாட்டி சொன்ன மாதிரியே ஒருநாள் எண்ண வந்தார்கள். எங்கள் குடும்பம் காம்பார் நகரத்துக்கு வந்தது. கிராணி குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது, வேண்டாத சாமான்களோடு சில டேப்புகளையும் எங்களிடம் விட்டுப்போனது. அதில் கஞ்சிலும் இருந்தது. சித்தப்பா கல்யாணத்துக்குக் காலி டேப் கிடைக்கவில்லை. மிச்சக் கதை அந்தத் தாளில் எழுதியிருந்ததுதான்.

காம்பாரிலிருந்து ஈப்போ போகும் பழைய சாலையில் கோப்பெங் வரும். அங்கே கோத்தா பாருவில் 1951-இல் பிறந்தவர் லாட். ஈயக் கப்பலும் ரப்பர் மரமும் ஆற்றுக் குளியலுமாக அவர் வரைந்த 'கம்போங் போய்' 1979-இல் புத்தகமாக வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அது 26 பகுதிகள் கொண்ட சித்திரத் தொடரானது. பேய் பிடித்ததாக நம்பப்படும் ஓர் ஆலமரத்தை வைத்து வந்த ஒரு பகுதி, 1999-இல் பிரான்சின் அன்னசி சித்திரப்பட விழாவில் விருது வாங்கியது. எங்கள் பக்கத்து ஊர் ஆலமரம் பிரான்சுக்குப் போனதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தத் தொடரின் வரைகலை வேலையில் பெரும்பங்கு வெளிநாட்டு நிறுவனங்களில் நடந்தது. கதை கோப்பெங்கில், கை வேறெங்கோ.

இதற்குள் டேப் போய் விசிடி வந்துவிட்டது. ஒரு தட்டில் 74 நிமிடம்தான் பிடிக்கும். அதனால் ஆங்கிலப்படம் இரண்டு தட்டு, தமிழ்ப்படம் மூன்று தட்டு. பாசார் மாலாமில் நாலைந்து வெள்ளிக்குக் கள்ளத் தட்டு கிடைக்கும். 1999-இல் இங்கே அரங்குகளில் தடை செய்யப்பட்ட 'பிரின்ஸ் ஆஃப் எகிப்ட்' சித்திரப் படத்தை நான் பார்த்ததே அப்படித்தான். யாரோ அரங்கில் கேமரா வைத்துப் பிடித்த பிரதி. செங்கடல் பிளக்கும்போது ஓர் ஆள் எழுந்து கழிவறைக்குப் போவார். அரசாங்கம் 2000-இல் ஒளித்தட்டுச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் சந்தையில் கடை போட்டவர்கள் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அது சரியா தவறா என்பது வேறு பேச்சு. தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு உலகச் சித்திரப் படங்கள் வந்து சேர்ந்த வழி அதுதான் என்பதை மறைத்து எழுத முடியாது.

தமிழில் ஏதாவது வந்ததா? அந்த நாட்களில் சென்னையில் பென்டாமீடியா கிராஃபிக்ஸ் என்ற நிறுவனம் பெரிய கனவோடு இறங்கியிருந்தது. நடிகரின் உடலசைவைக் கணினியில் பிடித்து அதைக்கொண்டே முழுப்படம் செய்யும் முறையில், உலகிலேயே முன்னால் வந்த முயற்சிகளில் ஒன்றான 'சிந்துபாத்' படம் 2000-இல் அவர்களிடமிருந்து வந்தது. அதே ஆண்டில் 'பாண்டவாஸ்'. அதற்கு இந்திய அரசின் தேசிய விருது கிடைத்தது, சிறந்த ஆங்கிலப் படம் என்ற பிரிவில். மகாபாரதம், சென்னைக் கணினி, ஆனால் பேசியது ஆங்கிலம். உலகச் சந்தைக்காகச் செய்த முடிவு, புரிகிறது. தமிழிலேயே நினைத்துச் செய்த முழுநீள முப்பரிமாணச் சித்திரப் படம் 'இனிமே நாங்கதான்' 2007-இல்தான் வந்தது. வெங்கி பாபு இயக்கம், இளையராஜா இசை. அதுவும் தேசிய விருது வாங்கியது. காம்பாரில் அதை நான் தட்டில்கூடப் பார்த்ததில்லை.

2009 பிப்ரவரியில் 'கெங்' வந்தது. மலேசியாவின் முதல் முப்பரிமாணக் கணினிச் சித்திரப் படம். உப்பின், இப்பின் என்ற மொட்டைத் தலை இரட்டையர்களை நாடே தூக்கி வைத்துக்கொண்டாடியது. அந்தக் கம்பத்தில் ராஜு என்று ஓர் இந்தியப் பையன். அவனோடு ஒரு மாடு. அவனுக்கு விலங்குகளின் மொழி தெரியும். உணவுக்கடை நடத்தும் முத்து அங்கிளும் அந்தத் தொடரில் உண்டு. நம் பிள்ளைகள் அவர்களைப் பார்த்துத் துள்ளினார்கள், நானும் மகிழ்ந்தேன். பிறகுதான் ஒன்று உறுத்தியது. ராஜுவுக்கு மாட்டின் மொழி தெரிகிறது, கம்பத்து மொழி தெரிகிறது. அவன் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. இதை அந்தப் படக்காரர்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் மொழியில் தங்கள் பிள்ளைகளுக்குப் படம் எடுத்தார்கள், நம்மையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்கள். ராஜு தமிழ் பேசும் படத்தை யார் எடுத்திருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

இப்போது அக்காவின் பேரனுக்கு ஆறு வயது. அவனோடு உட்கார்ந்து 2019-இல் வந்த 'உப்பின் இப்பின்: கெரிஸ் சியாமாங் துங்கால்' படத்தை வீட்டில் பார்த்தேன். பழைய கெரிஸ் ஒன்று பிள்ளைகளை ஒரு மாய நாட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த நாட்டின் பெயர் இந்திரலோகா. மலாய் நாட்டுப்புறக் கதைமாந்தர்கள் அங்கே நடமாடுகிறார்கள். அதில் ஒருவன் மாட் ஜெனின், தென்னை மரத்தின் மேல் உட்கார்ந்து கோழி வாங்குவேன், ஆடு வாங்குவேன் என்று கனவு கண்டு கையைவிட்டு விழுகிறவன் என்று கதைகள் சொல்லும். பஞ்சதந்திரத்தில் மாவுப் பானையைக் காலால் உதைத்துவிடும் பிராமணனின் கனவும் இதே கனவுதான்.

"இவன யாருன்னு தெரியுமா? பானைய ஒடச்ச சாமியாரு கதை சொல்லட்டா?" என்றேன். பேரன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்புறமா சொல்லுங்க தாத்தா, இப்ப டிஸ்டர்ப் பண்ணாதீங்க" என்றான். அந்தத் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. 2007-இல் சென்னையில் தொடங்கி, பிறகு அஸ்ட்ரோ வழியாக இங்கே வந்த சுட்டி டிவியில் டோராவும் ஜாக்கி சானும் பேசிய தமிழின் சாயல் அது. அவன் அம்மா அதைப் பார்த்து வளர்ந்தவள். நம் பிள்ளைகளுக்குக் கடைசியில் தமிழில் சித்திரப் படம் கிடைத்துவிட்டது. அதில் பெரட்டு இல்லை, கங்காணி இல்லை, 'வெள்ளி' என்றால் காசு என்று தெரிந்த ஆள் இல்லை.

டேப்பை ஈப்போவில் ஒரு கடையில் கொடுத்தேன். பழையதைக் கணினிக்கு மாற்றித் தருகிறவர்கள். வீடியோ இயந்திரம் செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. கடைக்காரர் பழைய இயந்திரங்களைப் பிரித்து, ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் போட்டு ஓட்டுகிறார். "பூஞ்சை புடிச்சிருக்கு, எவ்வளவு வருதோ அவ்வளவுதான் அண்ணே" என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சின்னப் பென்டிரைவில் கொடுத்தார். சித்தப்பா கல்யாணம் கோடு கோடாக ஓடியது. இறந்துபோன பலர் அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்யாணம் முடிந்து திரை கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாக இருந்தது. பிறகு திடீரென்று ஒரு பச்சை ஆறு. முதலைகளின் முதுகுகள். சருகுமான் கடைசி இரண்டு முதுகை மிதித்து அக்கரை சேர்ந்தது. ஒரு நிமிடம்கூட இல்லை. அத்தோடு முடிந்தது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மலாய்க் குரல் தெளிவாக இருந்தது, இசை இருந்தது. பாட்டியின் குரலைக் காது தேடிக்கொண்டே இருந்தது. அது எப்படி இருக்கும்? டேப்பில் பதிவானது தொலைக்காட்சியில் வந்தது மட்டும்தானே. பாட்டி ஒவ்வொரு சனிக்கிழமையும் புதிதாகச் சொன்னார். யாரும் பொத்தானை அழுத்தவில்லை.

ஆனந்தம் சேவியரின் பெயர் பிழைத்ததற்குக் காரணம், இன்னொருவர் உட்கார்ந்து அதை எழுதி வைத்தார். முன்ஷி அப்துல்லாவின் தமிழ் நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவரே எழுதி வைத்தார். ஆயாக் கொட்டகைகளில் கதை சொன்ன பெண்களில் சிலர் தாப்பாவிலும் பீடோரிலும் சுங்கை சிப்புட்டிலும் இன்னும் இருக்கிறார்கள். எண்பதைத் தாண்டியவர்கள். உங்கள் கையில் இருக்கும் தொலைபேசியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அவர்களிடம் போய் உட்கார்ந்து, ஒரு சருகுமான் கதை சொல்லச் சொல்லுங்கள். நரிக் கதை சொன்னாலும் தடுக்காதீர்கள்.

நான் அந்த முக்கால் நிமிடத்தைப் பேரனுக்குப் போட்டுக் காட்டினேன். "இவ்ளோதானா?" என்றான். "இல்லடா, முன்னாடி நெறைய இருக்கு" என்று ஆரம்பித்தேன். பெரட்டு என்றால் என்ன என்பதிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.